ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'வாக்' போதுமா? – சொல்வளம் பற்றி ஒரு விவாதம்

சொல்லேர்:
பிழையில்லாத ஆங்கிலம், ஆனால் சப்பென்று இருக்கிறது. நம்மவர் எழுத்தைப் பற்றி அடிக்கடி வரும் குறை இது. பெயரடைகளைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் கட்சி வேறு. ஓட்டை வினைச்சொல்லில் இருக்கிறது.

தமிழில் ஒரு செயலின் விதத்தை வினைமுற்றுக்கு வெளியே வைக்கிறோம். நொண்டி நொண்டி நடந்தான், தள்ளாடி நடந்தான், எட்டிப் போட்டு நடந்தான், ஓசைப்படாமல் நடந்தான். நாலுக்கும் முற்று ஒன்றுதான். ஆங்கிலம் அந்த விதத்தை வினைக்குள்ளேயே அடைத்துவிடுகிறது: லிம்ப்ட், ஸ்டாகர்ட், ஸ்ட்ரோட், டிப்டோட். 'ஓடி உள்ளே நுழைந்தான்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு முற்று 'நுழைந்தான்', ஓட்டம் எச்சமாக நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ரேன் இன்'. ஓட்டம் முற்றாகி, நுழைவு ஒரு குட்டி 'இன்'னுக்குள் ஒடுங்கிவிட்டது. மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985-இல் உலக மொழிகளில் இந்த வேறுபாட்டை விரிவாக எழுதினார். நாம் தமிழ் அச்சிலேயே ஆங்கிலத்தை வார்ப்பதால்தான் 'வாக்ட் வெரி ஸ்லோலி' வருகிறது.

எனவே நட, பார், சொல், சிரி, அழு, விழு, இழு, பிடி, எறி, அடி, குடி, ஓடு என்று 12 அடிப்படை வினைகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிறமுள்ள சொற்கள். மொத்தம் 60. இரண்டு மாதத்தில் எழுத்தே மாறிவிடும்.

கத்தரிக்கோல்:
நோய் சரி, மருந்து தப்பு.

ஒரே பொருள் வட்டத்தில் உள்ள ஐந்து சொல்லைச் சேர்த்துப் படிப்பது மனப்பாடத்துக்கு மிக மோசமான வழிகளில் ஒன்று. மொழி கற்றல் ஆய்வாளர் தாமஸ் டிங்கம் 1993-இல் சோதித்தார். பொருளால் நெருங்கிய சொற்களைத் தொகுப்பாகக் கற்றவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைக் கற்கும்போது ஆனதைவிட அதிக முறை திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. 1997-இல் ராப் வாரிங் அதையே மறுபடி செய்து பார்த்தார். முடிவு மாறவில்லை. 'க்ளான்ஸ்', 'க்ளேர்' இரண்டையும் ஒரே நாளில் படித்தால் என்ன ஆகும்? இரண்டுக்கும் தலையில் 'பார்', தொடக்க ஒலியும் ஒன்று. மேலாளரை ஒரு கணம் பார்த்தேன் என்று எழுத நினைத்து, முறைத்தேன் என்று எழுதி வைப்பார்கள்.

இன்னொன்று. எழுத்தின் 98 சதவீதச் சொற்கள் தெரிந்தவையாக இருக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும், பேச்சுக்கு 6,000 முதல் 7,000 என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அவ்வளவு பாக்கி இருக்கும்போது தள்ளாடுவதற்கும் நொண்டுவதற்குமா முன்னுரிமை? 'புட் அப் வித்', 'ஃபிகர் அவுட்', 'கெட் அவே வித்' இந்த மூன்றையும் தயங்காமல் பேசுகிறவர் எத்தனை பேர்? அன்றாடச் சொல் என்றால் அதுதான் அன்றாடச் சொல்.

சொல்லேர்:
டிங்கம் பயன்படுத்தியவை செயற்கையாக உருவாக்கிய சொற்கள். கதையோ காட்சியோ இல்லாமல் இணை இணையாக மனப்பாடம். அங்கே குழப்பம் வரத்தான் செய்யும். இருந்தாலும் ஒரே நாளில் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். 'க்ளான்ஸ்' இந்த வாரம், அது ஊன்றிய பிறகு அடுத்த மாதம் 'க்ளேர்'. நடுவில் வேறு வட்டத்துச் சொற்கள்.

நேஷன் கணக்கை ஏற்கமாட்டேன். அது படித்தும் கேட்டும் புரிந்துகொள்ள எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. இங்கே நாம் விவாதிப்பது, சொல்லை எடுத்து வெளிப்படுத்துவதைப் பற்றி. பார்த்தால் புரியும் சொல்லுக்கும் தேவைப்படும் நேரத்தில் கைக்கு வரும் சொல்லுக்கும் இடையே பெரிய பள்ளம் உண்டு.

மூன்றாம்படி:
இருவரும் விட்ட ஒன்று. இணையத்தில் சுற்றும் 'வெரி சொல்லாதே' அட்டவணைகள். இடப்பக்கம் 'வெரி டயர்ட்', வலப்பக்கம் 'எக்ஸாஸ்டட்'. இதில் மூன்று வகையில் சறுக்குகிறார்கள்.

ஒன்று, புதிய சொல்லோடு பழைய 'வெரி'யையும் ஒட்டிக்கொள்வது. 'எக்ஸாஸ்டட்', 'ஃப்யூரியஸ்' போன்றவை ஏற்கெனவே உச்சியில் நிற்பவை. அவற்றுக்கு 'அப்சல்யூட்லி', 'கம்ப்ளீட்லி' ஒட்டும், 'வெரி' பொதுவாக ஒட்டாது.

இரண்டு, நிறம். மெலிந்தவரைச் சொல்ல 'ஸ்லிம்' பாராட்டு, 'ஸ்கின்னி' பல இடங்களில் குத்தல், 'ஸ்க்ரானி' எலும்பும் தோலும் என்ற ஏளனம். சிக்கனக்காரர் 'த்ரிஃப்டி', கருமி 'ஸ்டிஞ்சி'. அட்டவணையில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், சம அந்தஸ்தோடு உட்கார்ந்திருக்கும்.

மூன்று, இடம். கடும் பசிக்கு 'ரேவனஸ்' என்று போடுவார்கள். பேச்சில் அதிகம் காதில் விழுவது 'ஸ்டார்விங்'. மழைக்கு 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இன்னும் கற்பிக்கப்படுகிறது. மக்கள் சொல்வது 'இட்ஸ் போரிங்'. சலிப்பூட்டும் 'போரிங்' அல்ல, கொட்டும் 'போரிங்'. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் துரதிர்ஷ்டம்.

கத்தரிக்கோல்:
மழை என்றதும் சொல்லிவிடுகிறேன். மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்', மூடுபனி 'திக்'. மூன்றுக்கும் தமிழில் 'கடும்' போட்டுவிடலாம். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங் ரெயின்' என்றால் இலக்கணம் சரி, காது ஏற்காது. தனிச்சொல்லைப் படித்தவர் இங்கேதான் விழுகிறார். இணைச்சொல்லோடுதான், அதாவது வழக்கமாகக் கூட வரும் சொல்லோடுதான் படிக்க வேண்டும்.

அப்புறம், நம்மவர் ஆங்கிலம் வறண்டு இருப்பதற்கு ஏட்டுச் சொல்லும் ஒரு காரணம். 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டராகேட்' நேரே லத்தீன். 1066-இல் நார்மானியர் வென்ற பிறகு இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்தது. நம் கேட்டான், வினவினான், விசாரித்தான் போலத்தான். நண்பனிடம் 'நேரம் என்ன என்று வினவினேன்' என்று யாராவது சொன்னால் சிரிப்போம். 'ஐ பர்ச்சேஸ்ட் எ பென்' அதே ரகம்.

நூல்கண்டு:
இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக அட்டை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லவில்லையே?

மூன்றாம்படி:
முன்பக்கம் தமிழில் ஒரு காட்சி, அதற்கடியில் சொல் விடுபட்ட ஆங்கில வாக்கியம், கோடிட்ட இடத்தில் முதல் எழுத்து மட்டும். உதாரணம்: 'தோற்ற கோபத்தில் நடுவரை முறைத்தான்'. பின்பக்கம் முழு வாக்கியம், 'க்ளேர்' உடன் கூட வரும் 'அட்', யாரிடம் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு குறிப்பு.

முன்பக்கத்தில் வெறுமனே 'பார்' என்று எழுதினால் அட்டை செத்தது. நாலு அட்டைக்கு ஒரே கேள்வி, எந்த விடை என்று எப்படித் தெரியும்?

நாளுக்குப் புதியவை ஐந்துக்கு மேல் வேண்டாம். பழையவை திரும்பி வந்து குவியும். அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன பெட்டி முறை போதும். ஐந்து அறைகள், சரியென்றால் அடுத்த அறை, தவறென்றால் மீண்டும் முதல் அறை. 1, 3, 7, 16, 35 நாள் இடைவெளி வைத்துக்கொள்ளலாம். மூன்று முறை தவறிய அட்டையை மறுபடி மறுபடி படிக்காதீர்கள். கிழித்துவிட்டு வேறு காட்சியோடு எழுதுங்கள். குறை பெரும்பாலும் வாக்கியத்தில் இருக்கும்.

சொல்லேர்:
இதோடு தமிழிலேயே கிடக்கும் ஒரு புதையலையும் சேருங்கள். இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும். சருகு சலசலத்தால் 'ரஸ்ஸல்', நெருப்பு சடசடத்தால் 'க்ராக்கிள்', குழந்தை குடுகுடுவென்று ஓடினால் 'ஸ்காம்பர்', வாய்க்குள் முணுமுணுத்தால் 'மட்டர்'. ஒலி நமக்கு ஏற்கெனவே பழக்கம், சொல்லை மாட்ட ஆணி தயாராக இருக்கிறது.

மாற்ற வேண்டியது ஒன்றுதான். நாம் 'என்று' போட்டு ஒலியை ஓரமாக நிறுத்துகிறோம், ஆங்கிலத்தில் அதையே முற்றாக்க வேண்டும். 'கதவு கிரீச்சென்று திறந்தது': 'த டோர் க்ரீக்ட் ஓப்பன்'. 'பந்து விர்ரென்று காதைக் கடந்தது': 'த பால் விஸ்ட் பாஸ்ட் மை இயர்'. 'திறந்தது', 'கடந்தது' இரண்டும் 'ஓப்பன்', 'பாஸ்ட்' என்று வாலாகிவிட்டன, பாருங்கள். முதல் பதிவில் சொன்ன அதே சங்கதி.

கத்தரிக்கோல்:
இது நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'மட்டர்' என்றால் வெறும் முணுமுணுப்பு இல்லை, பெரும்பாலும் எரிச்சலோடு. வார்த்தை தெளிவில்லாமல் மென்று விழுங்கினால் 'மம்பிள்'. மென்மையாகச் சொன்னால் 'மர்மர்'. ஒரு முணுமுணுவுக்கு மூன்று ஆணி. அதனால் அட்டையின் மூலையில் 'பே', 'எ' என்று குறியுங்கள், பேச்சா எழுத்தா என்று. 'ஸ்காம்பர்' எழுத்துக்கு. 'ட்ரட்ஜ்' கூட எழுத்துக்குத்தான்.

சொல்லேர்:
'ட்ரட்ஜ்' பேச்சிலும் உண்டு. சேற்றிலோ பனியிலோ கால் புதையப் புதைய நடந்ததைச் சொல்லும்போது 'ட்ரட்ஜ்ட் த்ரூ' இயல்பாக வரும். அந்த அட்டைக்கு 'பே', 'எ' இரண்டையும் போடுங்கள். 'த்ரூ'வை மறக்காமல்.