பஸ்ஸில் வந்த முட்டை: உடனே குஞ்சு பொரிக்கும் மெஷினில் வைக்கலாமா?

உவர்மலைக் குஞ்சு:
எல்லோருக்கும் வணக்கம். இன்று பின்னேரம் குருநாகலில் இருந்து பஸ்ஸில் 12 பிரம்மா (காலில் இறகுள்ள பெரிய கோழியினம்) முட்டை வந்தது. ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி உமிக்குள் புதைத்து நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள், ஆனாலும் ஒன்று வெடித்து உமியோடு ஒட்டிக் கிடந்தது. மிச்சம் 11. தம்புள்ள, ஹபரண, கந்தளாய் என்று இந்த ஆடி வெயிலில் வந்த பெட்டி, திறக்கும்போதே கையில் சூடு தெரிந்தது. போன் டோர்ச்சை வைத்துப் பார்த்தால் நாலு முட்டையில் மொட்டைப் பக்கத்துக் காற்றறை ஓரிடத்தில் நிற்கவில்லை, சரித்தால் மேசனின் ரசமட்டக் குமிழி மாதிரி ஓடுகிறது. இதையெல்லாம் வைப்பதா, எறிவதா?

மார்கழியில் இதே ஆளிடம் 10 எடுத்து 3தான் பொரித்தது. 5 முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டது. பழைய முட்டையைத் தந்துவிட்டார் என்று அவரோடு சண்டையும் பிடித்தேன்.

கந்தளாய்க் குளத்தடி:
எறியாதே தம்பி. இன்றைக்கு வைக்கவும் வேண்டாம். முட்டை மட்டையில் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் ஒரு நாள் அப்படியே விடு. குலுங்கி வந்த காற்றறை நிலைக்கு வர அந்த நேரம் வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்காதே, அழுக்கு இருந்தாலும் கழுவாதே, கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும்.

மெஷினில் வைக்கும்போதும் அதே மாதிரி நிமிர்த்தித்தான். தானாகத் திருப்புகிற மோட்டார் இருந்தால் முதல் மூன்று நாளும் நிறுத்திவிடு. வீட்டு முட்டைக்கு இப்படிச் செய்யச் சொல்லமாட்டேன், பார்சல் முட்டைக்கு மட்டும்தான். நாலாம் நாளில் இருந்து படுக்கப்போட்டு உருட்டாமல் மட்டையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்தால் போதும், நாளுக்கு மூன்று தடவையாவது. 18ஆம் நாளோடு நிறுத்து. ஃபேன் உள்ள மெஷின் என்றால் 37.5 பாகை. ஃபேன் இல்லாத ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி என்றால் தேர்மோமீற்றரை முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து 38.5 பிடிக்கவேண்டும். இது தெரியாமல் நான் ஒரு வருசம் கூழ்முட்டைதான் பொரித்தேன்!

ஆலங்கேணி அக்கா:
தம்பி, அந்த மார்கழிக் கதைக்கு வருகிறேன். முட்டை பழசென்றால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கருப் பிடிக்காமல் போகும், அல்லது முதல் வாரத்தில் கரு செத்து, வெளிச்சத்தில் பார்த்தால் இரத்த வளையம் மட்டும் தெரியும். ஐந்து முழுக் குஞ்சாக வளர்ந்திருக்கிறதே, அதில் பாதிப் பிழையாவது உங்கள் பக்கம். முதல் நாளில் இருந்தே மெஷினின் தட்டு நிறையத் தண்ணீர் விட்டீர்களா? குளிர் நாட்டுக்காரர் போடுகிற வீடியோவைப் பார்த்து எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஹீற்றர் போட்டுக் காய்ந்த வீடு. நமக்கு மார்கழி மழையில் உப்புப் போத்தலே கசிகிறது! முட்டைக்குள் இருக்கிற நீர் போதியளவு வெளியேறாவிட்டால் காற்றறை சின்னதாகவே இருக்கும், குஞ்சு மூச்செடுக்க இடமில்லாமல் சாகும். உடைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரமாக, வழவழவென்று இருந்ததா? அப்படியென்றால் அதுதான்.

மெஷினுக்குள் ஈரப்பதன் 18 நாள்வரை 45 முதல் 55 வீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 வீதம். இப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம், காற்று காய்ந்து கிடக்கிறது, ஆகவே மார்கழிக் கணக்கு ஆடிக்குச் சரிவராது, தண்ணீர் கொஞ்சம் தேவைப்படும். ஈரப்பதன் மீற்றரையும் அப்படியே நம்பவேண்டாம். போத்தல் மூடியில் உப்பைப் போட்டு ஈரமாக்கி, கரையவிடாமல், மீற்றரோடு சேர்த்து ஒரு பையில் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வையுங்கள், 75 காட்டவேண்டும். என்னுடையது 84 காட்டியது. இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் முட்டையை நிறுங்கள்: 55 கிராம் முட்டை 18ஆம் நாளில் 48 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கவேண்டும்.

சாம்பல்தீவுச் சேவல்:
இவ்வளவு கணக்கு எதற்கு? அவயத்துக்கு (அடைக்கு) கிடக்கிற ஊர்க்கோழி ஒன்றைப் பிடித்து முட்டையை அதற்குக் கீழே வை. இடியில் முட்டை கெடாமல் இருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டால் சரி, எங்கள் அம்மம்மா மீற்றரா பார்த்தா?

ஆலங்கேணி அக்கா:
ஆணி போட்டதால் பொரித்தது என்று கோழிக்குச் சொல்லாதீர்கள், கோவித்துக்கொள்ளும். ஆனால் கோழி கிடைத்தால் அதுதான் நல்லது, நானும் ஒத்துக்கொள்கிறேன். பிரம்மா முட்டை பெரிது என்பதால் சின்ன ஊர்க்கோழிக்கு ஏழெட்டுக்கு மேல் வைக்கவேண்டாம்.

உவர்மலைக் குஞ்சு:
தட்டு நிறையத் தண்ணீர் விட்டேன் அக்கா. ஈரமாகத்தான் இருந்தது. இப்போது பேசாமல் இருக்கிறேன். அடைக்கோழி ஒன்றும் இங்கே இல்லை, மெஷின்தான். கரண்ட் போனால்?

கந்தளாய்க் குளத்தடி:
திறக்காதே, போர்வையால் மூடு. ஊர் இரவு வெக்கையில் இரண்டு மணித்தியாலம் ஒன்றும் செய்யாது. அதற்கு மேலே போனால் சுடுதண்ணீர்ப் போத்தல், முட்டையில் முட்டாமல்.

உவர்மலைக் குஞ்சு:
22ஆம் நாள். 11இல் 2 வெறும் முட்டை, ஒன்று இரத்த வளையம், இந்த மூன்றையும் ஏழாம் நாளில் எடுத்துவிட்டேன். 18இல் இன்னொன்று அசைவில்லை. மிச்சம் ஏழில் ஒன்று கூர்முனைப் பக்கமாக ஓட்டைக் கொத்தி அப்படியே செத்தது, அது காற்றறை ஓடிய நாலில் ஒன்று. ஆனால் அதே நாலில் இரண்டு பொரித்துவிட்டது! மொத்தம் 6. கடைசிக் குஞ்சு கொத்தத் தொடங்கி 17 மணித்தியாலம் எடுத்தது, மூடியைத் திறந்து உதவப்போன கையை மனைவி இரண்டு தடவை தட்டிவிட்டா. குருநாகல்காரருக்குக் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டேன், சிரித்துவிட்டு, அடுத்த பெட்டிக்கு எப்போது காசு போடுவீர்கள் என்றார்.

ஒரு சந்தேகம். ஐந்துக்குக் காலில் இறகு இருக்கிறது, ஒன்றுக்குச் சுத்தமாக இல்லை. இது பிரம்மாதானா, அல்லது அவரது வளவுக்குள் வேறு சேவல் பாய்ந்திருக்கிறதா?