பிட்ஸ்பர்க் போகிறாள் யாழினி

(குழு: சின்னமனூர் வீட்டார்)

முருகேசன்: தேன்மொழி, யாழினிக்கு வேலை உறுதியாகிவிட்டது. அமெரிக்காவில் நீ இருக்கிற பிட்ஸ்பர்க்தான். ராத்திரி உட்கார்ந்து அந்த ஊரைப் பற்றிப் படித்தேன். 1950-ல் 6,76,806 பேர் இருந்த ஊரில் 2020-ல் 3,02,971 பேர்தானாம். பாதி ஊர் காலி. அங்கே பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

தேன்மொழி: யாழினிக்கு வாழ்த்துகள்!! சித்தப்பா, அது நகர எல்லைக்குள் மட்டும் எடுத்த கணக்கு. சுற்றுவட்டாரம் சேர்த்தால் சுமார் 24 லட்சம் பேர். பிட்ஸ்பர்க் இருக்கும் அலிகெனி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் 130 உள்ளாட்சிகள். தெருவைத் தாண்டினால் வேறு ஊர், வேறு வரி. நகரத்தை விட்டுப் போனவர்களில் நிறைய பேர் இப்படிப் பக்கத்தில்தான் குடியேறினார்கள்.

தேன்மொழி: நீங்கள் கவலைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 1980-களில் உருக்காலைகள் வரிசையாக மூடின. பக்கத்து ஊரான ஹோம்ஸ்டெட்டில் இருந்த உருக்காலை 1986-ல் மூடியது. இப்போது அங்கே கடைகளும் தியேட்டரும். பழைய புகைபோக்கிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். வேலை போனதும் இளவட்டங்கள் வெளியூருக்குப் போய்விட்டார்கள், பெற்றோர் தங்கிவிட்டார்கள். போனவர்களின் பிள்ளைகுட்டிகள் எல்லாம் வேறு ஊரில் வளர்ந்தன. அதனால் இந்த வட்டாரத்தில் பிறப்பை விட இறப்பு அதிகம். வெளியிலிருந்து ஆள் வந்தால்தான் ஊர் நிற்கும்.

ரவி: இப்போது மருத்துவமனையும் பல்கலைக்கழகமும்தானே ஊரை நடத்துகின்றன? பழைய கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று படித்தேனே.

தேன்மொழி: வேலை இருக்கிறது சித்தப்பா, உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. நகரத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கறுப்பின மக்கள். அவர்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதி ஜாஸ் இசைக்குப் பேர்போன இடம். நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிறந்த இடம். 1950-களில் அதன் கீழ்ப்பகுதியை இடித்து, சுமார் 8,000 பேரை வெளியேற்றி, பெரிய அரங்கம் கட்டினார்கள். 1961-ல் திறந்த அந்த அரங்கமும் இப்போது இல்லை. அதையும் இடித்தாயிற்று. வீடு இழந்தவர்களுக்கு என்ன பதில்?

செல்வி: நம் ஆட்கள் இருக்கிறார்களா தேனு? கோயில் உண்டா என்று அப்பத்தா கேட்கச் சொல்கிறார்.

தேன்மொழி: பக்கத்து ஊரான பென் ஹில்ஸில் வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது சித்தி, 1970-களிலேயே கட்டியது. கோபுரத்தோடு குன்றின் மேல் நிற்கும். புளியோதரையும் கிடைக்கும் 😊 ஆனால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். நம் ஆட்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சி மாதிரி நினைத்து வராதே யாழினி.

யாழினி: அக்கா, கேரிக் பக்கம் வாடகை குறைவாக இருக்கிறது. அங்கே நேபாளிகள் அதிகம் என்கிறார்களே?

தேன்மொழி: நேபாளி பேசும் பூட்டான்காரர்கள். 1990-களில் பூட்டான் அவர்களை விரட்டியது. நேபாளத்து முகாம்களில் கிட்டத்தட்ட இருபது வருடம் கிடந்தார்கள். 2008 வாக்கிலிருந்துதான் அமெரிக்கா வந்தார்கள். முதலில் வேறு மாநிலத்தில் இறங்கியவர்களும் சொந்தபந்தம் இருக்கிறது என்று இங்கே வந்து சேர்ந்தார்கள்.

தேன்மொழி: பிரவுன்ஸ்வில் சாலையில் நான் போகும் மளிகைக் கடையும் அவர்களுடையதுதான். வாசலில் அரிசி மூட்டை, உள்ளே கடுகு எண்ணெய், கீரையைப் புளிக்க வைத்துக் காயப்போட்ட குண்ட்ருக், பக்கத்திலேயே நம் துவரம்பருப்பு, கறிவேப்பிலை. நேபாளிகளின் டாக்கா தொப்பி போட்ட தாத்தாக்கள் கல்லா ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாலையில் மூடிக் கிடந்த கடைகளை மறுபடி திறந்தவர்கள் இவர்கள். இவர்களை யாராவது அகதி என்று இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

முருகேசன்: சரிம்மா. பாதுகாப்பு எப்படி? யூதர் கோயிலில் துப்பாக்கிச் சூடு நடந்த ஊர்தானே?

தேன்மொழி: ஆமாம் சித்தப்பா. ஸ்குவிரல் ஹில், 2018 அக்டோபர் 27. துப்பாக்கியோடு வந்த ஒருவன் 11 பேரைக் கொன்றான். அகதிகளுக்கு யூத அமைப்புகள் உதவுகின்றன என்பதும் அவன் வெறுப்புக்கு ஒரு காரணம். பூட்டான்காரர்களை இங்கே குடியமர்த்தியதிலும் யூத சமூக அமைப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பகுதி கலையவில்லை. இன்றும் யூதக் குடும்பங்கள் அங்கேதான். பக்கத்திலேயே சீன உணவகங்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள்.

யாழினி: எனக்கு வேலை பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஓக்லாந்து பகுதியில் அக்கா. எது வசதி?

தேன்மொழி: அப்படியென்றால் ஸ்குவிரல் ஹில். பஸ் நேராகப் போகும். வாடகை கூடுதல்தான், யாரோடாவது சேர்ந்து எடு. கேரிக்கிலிருந்து மேடு இறங்கி, ஆறு தாண்டி வர வேண்டும். கார் இல்லாமல் பனிக்காலத்தில் கஷ்டம். படம் பார்த்து வீடு பிடிக்காதே. இங்கே தெரு என்று வரைபடம் காட்டுவது சில இடங்களில் வெறும் படிக்கட்டாக இருக்கும்.

செல்வி: வந்ததும் உன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டுமா தேனு?

தேன்மொழி: இதைக் கேட்கவே வேண்டாம் சித்தி. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வீடு பார்க்க நானும் கூட வருகிறேன்.

முருகேசன்: அப்படியானால் டிக்கெட் போடச் சொல்கிறேன். ரவி, சாயங்காலம் வீட்டுக்கு வா.