மழைக்காலத்தில் மாடியில் சீரியல் விளக்கு கட்டுவது எப்படி?

வணக்கம். நாகர்கோவிலில் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக, சுமார் 40 அடிக்கு, சீரியல் விளக்கு கட்ட வேண்டும். வாசலில் ஒரு நட்சத்திரமும் உண்டு.

போன வருடம் மழை பெய்த இரவில் பால்கனி இரும்புக் கம்பியைத் தொட்ட அம்மாவுக்குச் சுரீரென்று ஷாக் அடித்தது. காலையில் பார்த்தால், கம்பியோடு இறுக்கிக் கட்டிய இடத்தில் ஒயரின் தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. டேப் சுற்றிய இணைப்புக்குள் தண்ணீர் நின்றது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது, பிழைத்தார். நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

இந்த முறை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்திவிட்டோம். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழுகிறது. தெருவில் மின்கம்பி போகும் பக்கம் எதுவும் கட்டப்போவதில்லை.

ஆணியும் கட்டுக்கம்பியும் இல்லாமல் ஒயரை எதில் மாட்டுகிறீர்கள்? தூசியும் மழைத் தண்ணீரும் புகாத ஐபி65 தர விளக்கு வாங்கினாலும் பிளக் நனையக்கூடாதுதானே? இரண்டு சரங்களை இணைக்கும் இடத்தை மழையிலிருந்து எப்படிக் காப்பது? இதுதான் எனக்குப் பெரிய கவலை. எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தெரிந்தவர்களைக் கேட்காமல் கட்டமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.