செந்தேள் கொட்டிய ராத்திரி

எங்கள் ஊர் திசையன்விளைப் பக்கம். 3 வருஷத்துக்கு முன்னால், பனையோலைக் குவியலை ஒதுக்கும்போது தம்பி மகனைச் செந்தேள் கொட்டிவிட்டது. 7 வயசு. கடுப்பு அவ்வளவாக இல்லை என்றான். நாங்களும் சுண்ணாம்பு தடவிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். ஆச்சிதான் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏலே, பிள்ளைக்குக் காலு சில்லிட்டுக் கெடக்கு, தூக்குங்கலே” என்று கத்தினாள். அதற்குள் சட்டை தொப்பலாக வேர்த்து, இரண்டு தடவை வாந்தியும் எடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் முதலில் உள்ளங்காலைத்தான் தொட்டார். பிரசோசின் மாத்திரை கொடுத்தார். “இது விஷத்தை முறிச்சிருமா?” என்று தம்பி பதறினான்.

“விஷத்தை ஒண்ணும் செய்யாது. தேள் விஷம் நரம்பைத் தூண்டி அட்ரினலின் மாதிரி சமாச்சாரங்களைக் கொட்ட வைக்கும். அது ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற ஆல்ஃபா ரிசெப்டர்ங்கிற இடத்துல போய் உட்கார்ந்தா குழாய் இறுகிரும். அதான் கால் சில்லிடுது. இதயம் திணறி நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டா ஆபத்து. இந்த மாத்திரை அந்த ரிசெப்டர்ல முந்திப் போய் உட்காரும், ஆனா குழாயை இறுக்காது. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கோம்லா, அப்படி.”

3 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கொடுத்தார்கள். விடியற்காலையில் உள்ளங்காலைத் தொட்டேன், இளஞ்சூடு. அழுதுவிட்டேன்.

மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர்தான் தேள்கடிக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 1986இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியவர். 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும்! அவரை நினைத்தாலே கை கூப்பத் தோன்றுகிறது.

*

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதே பிரசோசினை எங்கள் அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுத்தார்கள். சிறுநீர்ப்பை வாயிலும் அதே ஆல்ஃபா ரிசெப்டர்தானாம். தசை தளர்ந்தால் சிறுநீர் சுலபமாகப் போகும். ஆனால் முதல் மாத்திரை போட்ட ராத்திரியே புறவாசலுக்குப் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். எழுந்து நிற்கும்போது ரத்தக்குழாய் இறுகினால்தானே தலைக்கு ரத்தம் ஏறும்? அதை மருந்து தடுத்துவிட்டது. மருந்து எழுதியவரும் சொல்லவில்லை, கடையிலும் சொல்லவில்லை. இப்போது கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அப்புறம்தான் எழுந்திருக்கிறார். பிள்ளையை நடக்க விட்டார்களா?

*

இல்லை தங்கச்சி, பாத்ரூமுக்குக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போகச் சொன்னார்கள். ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.