புதுப்பிப்பு: மீன் பேஸ்ட்ரியின் அடி வேகாத பிரச்சினை தீர்ந்தது

மேலே பொன்னிறமாகியும் மீன் பேஸ்ட்ரியின் அடி பச்சை மாவாகவே நிற்குது என்று போன கிழமை கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மகளின் பிறந்தநாளுக்கு 40 சுட்டேன், ஒன்றும் மிஞ்சவில்லை.

கைகொடுத்தது, உள்ளே வைக்கும் கறியை முழுக்க ஆறவிடச் சொன்ன அக்காவின் யோசனைதான். டின்மீன், உருளைக்கிழங்கு, லீக்ஸ் எல்லாம் தண்ணி வற்றப் பிரட்டி இரவே பிரிட்ஜில் வைத்தேன். சூட்டோடு உள்ளே வைத்தால் மாவு அடுக்குகளுக்கு இடையிலுள்ள பட்டர் உருகி அடுக்குகள் ஒட்டிவிடும். கொழும்பு வெள்ளவத்தை வெக்கையில் மாவு சும்மாவே தொய்கிறது. மாவுத் துண்டுகளை நாலு நாலாகத்தான் பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து, கறி வைத்து மடித்தேன். பிறகு 20 நிமிடம் திரும்பவும் குளிரில். ஓவன் தட்டையும் முன்பே சூடாக்கி, 200 பாகையில் 25 நிமிடம்.

எதிர்பாராதது: பூசிய முட்டை வெட்டு ஓரத்தில் வழிந்த பக்கம் எழும்பவே இல்லை. மேலே மட்டும் பூசுங்கள்.