ஊர்க்கூட்டு நீர்த் திட்டமிடல்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சிகள் தமக்குள் கூடி, பல ஊர்களின் நீர்த்தேவையையும் நீராதாரத்தையும் ஒருசேரக் கணக்கிட்டு முடிவெடுக்கும் செயலுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் உரையாடலில், 'வட்டாரக் குடிநீர்த் திட்டம்' என்று ஐயா ஒருவர் முன்வைத்த சொல்லை இரண்டு நாள்களாக எண்ணிப் பார்த்தேன். அதன் முதற்சொல்லிலும் இறுதிச்சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

'வட்டாரம்' என்றதும் டெல்டாவில் நினைவுக்கு வருவது வட்டார வளர்ச்சி அலுவலரும் அவருடைய ஒன்றியமும்தான். நாம் குறிக்க விரும்பும் செயலோ ஒன்றியத்துக்குள் அடங்காது. வேதாரண்யம் பகுதிக்குக் கொள்ளிடத்து நீர் மாவட்ட எல்லை தாண்டித்தான் வருகிறது. 'வட்டார'த்துக்குப் பதிலாகக் 'கூட்டுறவு' என்று வைத்தாலோ, பயிர்க்கடன் தரும் சங்கத்தையே ஊரில் நினைப்பார்கள்.

'திட்டம்' இன்னும் சிக்கலானது. 1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வழியாகக் 'கூட்டுக் குடிநீர்த் திட்டம்' என்னும் தொடர் மக்கள் நாவில் ஊன்றிவிட்டது. அது கிணறு, நீரேற்று நிலையம், குழாய், மேல்நிலைத் தொட்டி என்று கண்ணால் காணும் கட்டுமானத்தின் பெயர், அதைத் தொடவேண்டாம். ஆனால் அங்கே கூட்டாக இருப்பது எது?

எங்கள் கடைமடை ஊரில் அடிபம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கும். தொட்டியில் நீர் விழும் ஓசை கேட்ட மறுநொடியே தெருக்குழாயடியில் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். ஒரு கோடையில் அந்த ஓசை நாள்கணக்கில் கேட்கவில்லை. விசாரித்தபோது, எங்களுக்கு முன்னாலுள்ள ஊர்களில் அதே குழாயிலிருந்து புதிய இணைப்புகள் கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அந்த ஊரார்மீது குறையில்லை, அவர்களுக்கும் தாகம்தான். ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கும் இத்தனை ஊர்களின் தலைவர்களும் ஒரு முறைகூட ஓரிடத்தில் அமர்ந்து பேசியதில்லை என்பதுதான் என்னை வருத்தியது. கூடியது குழாய், ஊர்கள் கூடவில்லை.

ஆகவே 'ஊர்க்கூட்டு நீர்த் திட்டமிடல்' என்னும் தொடரை முன்வைக்கிறேன். 'கூட்டு' என்பது நீருக்கு முன் நிற்காமல் ஊருக்குப் பின் நிற்பதால், இணைவது யார் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. 'திட்டமிடல்' என்னும் தொழிற்பெயர் இதனைக் கட்டுமானத்திலிருந்து பிரித்துக்காட்டும். 'குடிநீர்' என்று சுருக்காமல் 'நீர்' என்றதற்கும் காரணம் உண்டு: ஏரி, குளம், நிலத்தடி நீர் ஆகியவற்றின் காப்பும் இந்தக் கணக்கில் சேரவேண்டும்.

இந்தக் கருத்து சட்டத்துக்குப் புதியதன்று. அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் சேர்த்த 243-இசட்.டி உறுப்பு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான அக்கறைகளுள் நீர்ப்பகிர்வை வெளிப்படையாகவே குறிப்பிட்டு, அதை மாவட்டத் திட்டக்குழு கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது. குழுவின் வரம்பு மாவட்டத்தோடு முடிவதால் 'மாவட்ட நீர்த் திட்டமிடல்' என்னும் பெயரும் நமக்குப் போதாது.

'ஊர்' என்றால் சிற்றூர் மட்டும்தானே, நகராட்சியை அது எப்படிக் குறிக்கும் என்று நம் உரையாடலில் அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். தஞ்சாவூரையும் ஊர் என்றுதான் சொல்கிறோம். சிறிதும் பெரிதுமான ஆட்சிகளைச் சமமாக அமர்த்தும் சொல் நம்மிடம் அதுவே.

எஞ்சிய ஐயம் ஒன்று. ஓர் ஊரார் தமக்குள் கூடுவது ஊர்க்கூட்டம். பல ஊர்கள் கூடுவது ஊர்க்கூட்டு. கடைசி எழுத்துகளில் மட்டும் நிற்கும் இந்த வேறுபாடு, மன்றத்தில் வாசிக்கும்போது காதில் பிரிந்து ஒலிக்குமா என்று ஊராட்சிப் பணியில் இருப்போர் சொன்னால், அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
திருத்துறைப்பூண்டியிலிருந்து