வீட்டாருக்குள் விமானப் புள்ளிகள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

கடைசி மகள்:

அண்ணனுக்கு ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை. கம்பெனி அவனை அடிக்கடி வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. பறப்பதற்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள், அதாவது மைல்களெல்லாம் அவன் பெயரில் குவிகின்றன. போன தீபாவளிக்கு வந்தவன், "அம்மாவைச் சென்னைக்கு அனுப்பலாம், என் மைலில் டிக்கெட் போடு" என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூட்டாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

நம் மைலில் யார் யாருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதைத் திறந்தேன். ஐந்தே ஐந்து இடம். அண்ணி, இரண்டு பிள்ளைகள், அண்ணியின் அப்பா, அண்ணியின் அம்மா. அவ்வளவுதான், நிரம்பிவிட்டது.

அம்மா முறுக்கு மாவு ஒட்டிய கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. "என் பெயர் எது?" என்று கேட்டார். கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். அது சம்பந்தியம்மாளின் பெயர். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை, ஞாபகமாகப் போட்டிருக்கிறான்" என்றார்.

டிக்கெட்டை என் காசில் எடுத்தேன். அண்ணனிடம் இதுவரை வாயைத் திறக்கவில்லை. உங்கள் வீடுகளில் அந்த ஐந்து இடத்தை எப்படிப் பங்கிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

மூன்றாம் கட்டை:

உங்கள் அம்மாவுக்காவது டிக்கெட் கிடைத்தது.

என் அப்பா குருசாமி. ஆண்டுதோறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை போட்டுச் சபரிமலைக்கு அழைத்துச் செல்வார். போகும்போதெல்லாம் ஒரே நிறுவனத்தில்தான் டிக்கெட் எடுப்பார். புள்ளி சேர்ந்தால் அம்மாவை இராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போகலாம் என்பது அவர் கணக்கு. அந்த அட்டையைத் தேய்ந்துபோகாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். மாரடைப்பில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அம்மாவாவது போய்வரட்டும் என்று நிறுவனத்தின் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். பேசிய பெண் நல்ல மாதிரி. "உறுப்பினர் இறந்துவிட்டால் கணக்கு மூடப்படும், புள்ளிகளை யாருக்கும் மாற்ற முடியாது, விதிமுறையில் இருக்கிறது" என்று பொறுமையாகச் சொன்னார். இறப்புப் பத்திரத்தின் நகலை அனுப்பினால் மூடிவிடுகிறோம் என்றார். கடைசியில், அதே மென்மையான குரலில், "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் காதில் கிடக்கிறது. ஊழியர் சேமநிதியில் நமக்குப் பின்னால் யாருக்கு என்று எழுதிவைக்க இடம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கப் பங்குக்கும் இருக்கிறது. ஒரு மனிதர் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த புள்ளிக்கு மட்டும் ஏன் இல்லை? நான் பத்திரத்தை அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன்.

கிராணி பேரன்:

மூன்றாம் கட்டை, மனம் கனக்கிறது. ஆனால் இது அந்த ஒரு நிறுவனத்தின் வழக்கம் மட்டும் அல்ல. பல திட்டங்களில் புள்ளி என்பது உறுப்பினரின் சொத்தே இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நிறுவனம் தரும் சலுகை, அவ்வளவே. அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே செலவழித்துவிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

கடைசி மகள், உங்கள் அண்ணனை அவசரப்பட்டுக் குறை சொல்லாதீர்கள். மாமனார் மாமியார் எப்போதோ ஒரு முறை பயணம் போயிருப்பார்கள், அப்போது சேர்த்த பெயர்கள் அப்படியே நின்றிருக்கும். கேட்டால்தானே தெரியும்?

என் அனுபவம் சின்னது. தங்கை மெல்பர்னில் படித்து முடித்து ஊர் திரும்பியபோது, அவள் கணக்கில் கிடந்த குவாண்டாஸ் புள்ளிகளை என் கணக்குக்கு மாற்றினாள். மாற்றி முடித்ததும், "இனி இது உன்னுடையதா, நம்முடையதா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் எனக்குப் பதில் வரவில்லை.

இங்கே மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்று நினைக்கிறேன். ஒன்று, பெயர் நியமிப்பது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் இந்த வகை. மைல் உங்கள் கணக்கிலேயே இருக்கும். நீங்கள் நியமித்த ஐந்து பேர் வரை அதில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். இன்னொன்று, பொதுக் கணக்கு. எமிரேட்ஸில் குடும்பத் தலைவர் ஒருவர் எட்டுப் பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். தான் சம்பாதிப்பதில் எத்தனை விழுக்காடு பொதுவுக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்ளலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரே முகவரியில் வாழ்பவர்கள் ஒரு வீட்டுக் கணக்கைத் தொடங்கலாம். கடைசி வகை, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஒரேயடியாக மாற்றிவிடுவது. குவாண்டாஸில் குடும்பத்தாருக்குள் மாற்றக் கட்டணம் இல்லை, ஆனால் ஒரு தடவைக்கு 5,000 புள்ளியாவது இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் எந்த வகை என்று பார்க்காமல் வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

காலக்கெடுவும் ஒரே மாதிரி இல்லை. மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் புள்ளிக்கும் கிரிஸ்ஃபிளையர் மைலுக்கும் மூன்றாண்டு. கேத்தேயின் ஆசியா மைல்ஸில் 18 மாதத்துக்குள் ஒரு முறையாவது சேர்த்தால் அல்லது செலவழித்தால் கெடு நீண்டுகொண்டே போகும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பறக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது முறைதான் தோது.

டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டினாலும் புள்ளி பொதுவாகப் பறந்தவருக்குத்தான் போகும். மகன் காசு கட்டி அப்பாவை அனுப்பினால் அப்பா பெயரில் சேரும். அப்பாவுக்குக் கணக்கே இல்லாவிட்டால் காற்றில் போகும். ஆகவே வயதானவர்களுக்கும் கணக்குத் திறந்துவிடுங்கள். மலேசியா ஏர்லைன்ஸ் 2013 முதல் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறது. அதனால் அதில் பறந்துவிட்டு, புள்ளியை அதே கூட்டணியிலுள்ள வேறு நிறுவனத்தின் கணக்கில் சேர்க்க வழி உண்டு. வீட்டில் ஆளுக்கொரு திட்டத்தில் சில்லறையாகச் சேர்ப்பதை விட்டுவிட்டு எல்லாரும் ஒரே திட்டத்தில் சேருங்கள். கடன் அட்டை வைத்திருப்பவர்கள் மனைவிக்கோ தம்பிக்கோ துணை அட்டை வாங்கிக் கொடுத்தால், அவர்கள் செலவின் புள்ளியும் முதன்மை அட்டைக்காரரிடம் வந்து சேரும். குடும்பமாகச் சேர்க்க இதைவிடச் சுலபமான வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் வங்கிப் புள்ளியை விமானப் புள்ளியாக மாற்றிவிட்டால் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர முடியாது. டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.

செம்பனை:

"ஒரே முகவரி" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். எங்கள் தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இடிபட்டு, அம்மா குறைந்த விலை வீட்டுக்கு வந்து, தம்பி ஈப்போவில், நான் காந்தி கலாசாலைக்குப் பின்னால் வாடகை வீட்டில். இரவுச் சாப்பாடு மட்டும் எல்லாருக்கும் அம்மா வீட்டில்தான். எங்களுடையது ஒரே குடும்பம்தான். அதைக் காட்டுவதற்கு மின்சாரப் பில் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அம்மாவை என் பொதுக் கணக்கில் சேர்க்க விண்ணப்பித்தேன். குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே, உறவுக்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயருக்குப் பின்னால் 'மகன்' என்பதற்கு ஏ/எல் போட்டு அப்பா பெயர். அம்மாவின் பெயருக்குப் பின்னால் 'மகள்' என்பதற்கு ஏ/பி போட்டுத் தாத்தா பெயர். ஆணையும் பெண்ணையும் இந்த நாட்டில் இப்படித்தான் பதிகிறார்கள் என்று விளக்கி எழுதினேன். பிறப்புப் பத்திரம் கேட்டார்கள்.

எடுத்துப் பார்த்தேன். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பழுப்பேறிய காகிதம். அதில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி எழுதியிருக்கிறது, அவருடைய அடையாள கார்டில் வேறு மாதிரி. முதலெழுத்தே வேறு. தோட்டத்து ஆபீசில் எழுத்தராக இருந்த கிராணி காதில் விழுந்தபடி எழுதிக் கொடுத்ததை அப்படியே பதிந்திருக்கிறார்கள். நிறுவனத்திடமிருந்து வந்த பதிலை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது: "இந்தப் பத்திரத்தில் இருப்பவரும் நீங்கள் சேர்க்க விரும்புபவரும் ஒரே ஆள் என்று தெரியவில்லை." அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி மறுபடியும் அதே மடிப்பில் மடித்தார். ஒன்றும் பேசவில்லை. என்னைப் பெற்ற ஆஸ்பத்திரியின் பெயரும் நேரமும் அதில்தான் இருக்கின்றன.

கிராணி பேரன்:

என் தாத்தாவும் கிராணிதான். அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையில் ஆட்களை நிறுத்திப் பெரட்டு எடுத்து, ரப்பர் பாலை எடைபோட்டு, சம்பளக் கணக்கெழுதி, அதற்கு நடுவில் பிறப்பையும் இறப்பையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர் எழுதிக் கொடுத்ததால்தான் பலருக்குப் பத்திரமே இருக்கிறது. எழுதாமல் விட்ட தோட்டங்களில் பிறந்தவர்கள் இன்றும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள கார்டோடு அலைகிறார்கள்.

உங்கள் சிக்கலுக்கு வழி இருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவருடையவைதான் என்று அம்மா சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். நாம் சூராட் சும்பா என்போமே, அதுதான். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். அடையாள கார்டு, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். இன்னொன்று: டிக்கெட்டில் இருக்கும் பெயர் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஏ/எல், ஏ/பி-க்கு நடுவிலுள்ள சாய்கோட்டைப் பல நிறுவனங்களின் படிவம் ஏற்காது. உறுப்பினர் கணக்கிலும் அதே முறையில் பெயரைப் பதிந்துவிட்டால் பிறகு இழுபறி இல்லை.

செம்பனை:

உங்கள் தாத்தாவை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதியது கிராணி, பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியது அம்மா. எனக்கு வலிப்பது அந்த இடம்தான். பிரமாண விஷயத்துக்கு நன்றி.

ரயிலடி:

இங்கே எல்லாரும் விதியைப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் விதியெல்லாம் சரியாகவே இருந்தது, சிக்கல் பணத்தில் வந்தது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து பொதுவில் போட்ட புள்ளியில் மாமாவையும் அத்தையையும் காசிக்கு அனுப்ப முடிவானது. அம்மாவுக்குப் பிறகு எங்களை வளர்த்தவர்கள் அவர்கள். "டிக்கெட் இலவசம் மாமா, நீங்கள் பையை மட்டும் கட்டுங்கள்" என்று பெரியண்ணன் சொல்லிவிட்டார்.

புள்ளியில் எடுத்தாலும் விமான நிலைய வரியும் மற்றக் கட்டணங்களும் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்து அண்ணன் திரையில் வந்த தொகையைப் படித்தார். யார் கட்டுவது என்று எங்களுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. மாமா சட்டைப் பையிலிருந்து ஐம்பது வெள்ளி நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக நீவி, மேசைமேல் வைக்க ஆரம்பித்தார். வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல வைத்துக்கொண்டே போனார். அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

லயத்துப் பெண்கள் மாதாமாதம் பணம் போட்டு, சீட்டுப் போலக் கூட்டுப் பிடித்ததை நினைத்துப் பார்க்கிறேன். அரசாங்கம் 1971-இல் சட்டம் போட்டுத் தடுத்தும் அது நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? யார் எவ்வளவு போடுகிறார், எந்த மாதம் யாருக்கு என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். விமானப் புள்ளிக் கூட்டில் அப்படி ஒரு நாளும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. எட்டுப் பேர், ஐந்து பேர் என்று நிறுவனம் சொல்கிறது. வரியை யார் கட்டுவது, அடுத்த முறை யாருக்கு, விலகிப்போகும் தம்பியின் பங்கு என்ன ஆவது என்பதையெல்லாம் நாம்தான் பேசியாக வேண்டும். பெரியவர்களிடம் டிக்கெட் என்று வாயெடுப்பதற்கு முன்னாலேயே பேசியாக வேண்டும்.

மாமாவும் அத்தையும் காசிக்குப் போய்வந்தார்கள். தீர்த்தச் செம்பை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த நோட்டுகள் இன்னும் பெரியண்ணனின் அலமாரியில் ஒரு உறையில் இருக்கின்றன. கொடுத்தால் மாமா வாங்க மாட்டார்.

மூன்றாம் கட்டை:

ரயிலடி, அதை அத்தையிடம் கொடுங்கள். அத்தை வாங்கிக்கொள்வார்.

கடைசி மகள்:

கிராணி பேரன் சொன்னது போல் அண்ணனிடம் கேட்கலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து. ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரைச் சேர்க்க என்ன நடைமுறை என்று முதலில் படித்துவிடுகிறேன்.

செம்பனை:

சூராட் சும்பா ஆயிற்று. சுங்கை சிப்புட்டிலேயே முடிந்தது. ஆணையர் அம்மாவைப் பார்த்து, "இதில் எது உங்கள் பெயர்?" என்று கேட்டார். அம்மா, "இரண்டும் என்னைக் கூப்பிட்டதுதான்" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் முத்திரை வைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் சேர்த்து நேற்று அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

அடுத்து தம்பி மனைவியைச் சேர்க்க வேண்டும். மருமகளுக்குத் திருமணப் பத்திரம் மட்டும் போதுமா, தம்பியின் பிறப்புப் பத்திரமும் கேட்பார்களா? சேர்த்துப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள். தம்பியின் பத்திரத்திலும் அம்மா பெயர் சரியாக இல்லை.